மெத்தை வண்டி நகர்ந்த தூரம்

அத்தியாயம் ஐந்து

ஜாமீன் மனு இரண்டு மணிக்கு விசாரணைக்கு வருகிறது. இப்போது மணி பத்தேகால். அதற்குள் இந்த லாரி வாயைத் திறந்தாக வேண்டும்.

டில்லியில் துவாரகாவைத் தாண்டி, ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பொட்டல். விபத்தில் மாட்டிய வண்டிகளைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம். மே மாத வெயில் ஒவ்வொரு தகரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்து கொதித்தது. ஜம்பு கைக்குட்டையை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், இன்னும் அரை மணி இங்க நின்னா என்னையும் டோட்டல் லாஸ்னு எழுதிடுவாங்க."

விஜயலக்ஷ்மி மண்டியிட்டு, லாரியின் பின்சக்கரத்துப் பக்கம் தலையை நுழைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, இடித்தது யார், பொய் சொல்வது யார் என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே தன் துவாரகா ஃப்ளாட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அங்கே டிரைவர், போட்டோகிராபர், டீ வாங்கி வருகிறவன் எல்லாமே ஜம்புதான்.

ஜம்புவுக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். மூன்று நாளாக அவன் வாய் ஓயவில்லை. லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் இளஞ்செழியன் அவனுடைய தங்கம் அக்காவின் கணவன்.

எதிரே நின்றது சாதாரண லாரி இல்லை. நெடுஞ்சாலையில் ஆட்கள் ரிப்பேர் வேலை செய்யும்போது அவர்களுக்குப் பின்னால் காவலாக நிறுத்துகிற லாரி. அதன் பின்பக்கத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி அலுமினிய அறைகள். தறிகெட்டு வருகிற வண்டி ஆட்கள் மேல் ஏறாமல் இதில் வந்து மோதும். பெட்டி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். வேலைக்காரர்கள் அதை 'கத்தா காடி' என்றார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த இளஞ்செழியன் 'மெத்தை வண்டி' என்று தமிழில் மாற்றிக்கொண்டான். அவன்தான் அதன் டிரைவர்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, டைல்ஸ் ஏற்றிய லாரி ஒன்று முழு வேகத்தில் வந்து மெத்தையில் மோதியது. மெத்தை அப்பளமாக நொறுங்கியது. அது அதன் வேலை. ஆனால் மெத்தை வண்டியே முன்னால் பாய்ந்து, முப்பது மீட்டர் தள்ளி இரும்புத் தடுப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ஆட்களின் மேல் போய்விட்டது. ஐந்து பேர் குதித்துத் தப்பினார்கள். ஹல்கே என்ற கூலியாள் தப்பவில்லை.

மோதிய லாரிக்காரன் ஓடிவிட்டான். போலீசுக்கு ஒரு ஆள் வேண்டும். கியர் நியூட்ரலில் இருந்தது, கைபிரேக் போடவில்லை, ஆள் சாகும் என்று தெரிந்தே வண்டியை அப்படி விட்டான் என்று சாலை வேலைக் கம்பெனியின் சூப்பர்வைசர் சொன்னதை அப்படியே எழுதி, இளஞ்செழியனை உள்ளே தள்ளினார்கள். வெறும் அஜாக்கிரதை என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்திருக்கும். இது தெரிந்தே செய்த குற்றம். இன்று விடவில்லை என்றால் நேராக திகார் ஜெயில்.

"ஜம்பு, இங்க வா. இந்த டயரைத் தடவிப் பாரு."

"டயரை எதுக்கு மேடம் தடவணும், கன்னுக்குட்டியா?"

"தடவுடா."

குனிந்து தடவினான். விரலுக்கடியில் ஆழமான வரிகள் ஓடின. ஓரிடம் வந்ததும் வரிகள் காணாமல் போயின. உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று தட்டை.

"இங்க மட்டும் வழுக்கை."

"அடுத்த டயர்?"

அதிலும் ஒரு வழுக்கை. மறுபக்கத்து இரண்டிலும் அப்படியே.

"உருண்டு போற சக்கரம் எப்படித் தேயும்?"

"சுத்திச் சுத்தி... எல்லா இடத்துலயும்."

"ஒரே இடத்துல தேய்ஞ்சிருந்தா?"

ஜம்பு எழுந்து நின்றான். வெயில் சட்டென்று உறைக்காமல் போயிற்று. "சக்கரம் சுத்தவே இல்ல. பூட்டினபடியே இழுத்துட்டுப் போயிருக்கு. மேடம், மாமா கைபிரேக் போட்டிருந்தாரு!"

"போட்டிருந்தான்."

"அப்போ நியூட்ரல்?"

விஜயலக்ஷ்மி காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையசைத்து, ஹிந்தியில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "பையா, இந்த வண்டியை யார் இங்க இழுத்துட்டு வந்தது?"

"கிரேன்காரன், மேடம்ஜி."

"கட்டி இழுக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணினான்?"

கான்ஸ்டபிள் சிரித்தான். "கியரை நியூட்ரல்ல தள்ளாம, பிரேக்கை விடுவிக்காம எப்படி இழுக்கிறது? உள்ளே ஏறி அவன்தான் பண்ணினான். நான் பக்கத்துல நின்னேன்."

"இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தது எப்போ?"

"இங்க வந்து சேர்ந்த அப்புறம்."

ஜம்பு கான்ஸ்டபிளைக் கட்டிப்பிடிக்காத குறை. நான்கு டயர்களையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து வக்கீல் ராமசுப்ரமணியனுக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பதில்: 'போதும். கான்ஸ்டபிள் பேரையும் வாங்கிண்டு வா. ஜாமீன் நிச்சயம்.'

அடுத்த போன் முனிர்காவுக்கு. அங்கே மாணவர்களுக்குச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிற தங்கம், மூன்று நாளாக அடுப்பு பற்ற வைக்கவில்லை.

"அக்கா, மெஸ்ஸைத் திற. சாயங்காலம் மாமாவுக்கு உன் சாம்பார்தான். பாவம், லாக்கப்புல நல்லாச் சாப்பிட்டுப் பழகிட்டாரு."

"நிஜமாவாடா? காமெடி பண்ணலையே?"

"சத்தியமா."

மறுமுனையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஜம்பு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான்.

திரும்பினால், விஜயலக்ஷ்மி முகத்தில் வெற்றியின் சாயலே இல்லை. லாரியை வெறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம்? மேட்ச் முடிஞ்சாச்சு. கப்பை வாங்கிட்டுக் கிளம்புவோம்."

"பிரேக் போட்டு நின்ன வண்டி ஏன் முப்பத்தாறு மீட்டர் போச்சு?"

"ஏன்னா... பின்னாலேருந்து ஒரு லாரி இடிச்சுது."

"அந்த லாரி இடிச்சா இது இருபது, மிஞ்சிப்போனா இருபத்திரண்டு மீட்டர் போயிருக்கணும். அதுக்குத்தான் முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தறாங்க. மெத்தை அடியைத் தாங்கும். ஆனா வண்டியை நகராம பிடிச்சு வைக்கிறது அதோட கனம். இது ஏதோ காகித வண்டி மாதிரிப் போயிருக்கு."

"மேடம், ஜெயிச்ச கேஸை எதுக்குக் குடையறீங்க?"

"ரெண்டு மணிக்கு சர்க்கார் வக்கீல் இதே கேள்வியைக் கேட்டா? பதில் இல்லேன்னா உன் டயர் நாலும் பஞ்சர்."

லாரியின் பின்தட்டு தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தது. ஜம்பு முடிச்சை அவிழ்த்துத் தூக்கினான்.

காலி. மூலையில் உடைந்த சிமெண்ட் துண்டு ஒன்று, ஒரு முகத்தில் மஞ்சள் பெயிண்ட். தளம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடங்கள். சில கட்டங்களில் தூசி கனமாகப் படிந்திருந்தது, சிலவற்றில் மெலிதாக.

"டிரைவர் கதவுல ஒரு தகடு இருக்கே, படி."

ஜம்பு படித்தான். ஹிந்தியில் மட்டும் எழுதியிருந்தது. முப்பது கிலோ எடைக்கற்கள் நூற்றிருபது. எக்காரணம் கொண்டும் அகற்றக்கூடாது.

"மூணரை டன்!" விசிலடித்தான். "யாரோ திருடிட்டான். சூப்பர்! அந்தத் திருடனைப் பிடிச்சா மாமா ரெண்டு தடவை தப்பிப்பாரு."

"ஒரே நாள்ல திருடல. தூசியைப் பாரு. ஒண்ணு ரெண்டா, பல நாள்ல எடுத்திருக்காங்க. சரி, சிமெண்ட் கல்லை எவன் திருடுவான்?"

"அதான? இரும்புன்னா பழைய சாமான் வாங்கற கபாடிக்காரன் வாங்குவான். இதை இலவசமாக் கொடுத்தாலும் 'வேணாம் பையா, இடுப்பு வலி'ம்பான்."

அந்த நேரம் பொட்டலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு ஒரு சூடான காற்று வந்தது. அவர்களுடைய கார் பானெட்டின் மேல் வைத்திருந்த வக்கீலின் காகிதங்கள் எழும்பின. ஜம்பு லாரித் தளத்திலிருந்த உடைந்த சிமெண்ட் துண்டை எடுத்துக்கொண்டு பாய்ந்து, அவற்றின் மேல் வைத்தான்.

விஜயலக்ஷ்மி அந்தத் துண்டையே பார்த்தார்.

"அதை ஏன் அங்க வெச்ச?"

"பறக்குதே மேடம்."

"ஆந்தி அடிச்சா பறக்கறது வேற என்னல்லாம் இருக்கு, ஜம்பு?"

டில்லியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யோசனை தேவையில்லை. மே மாதத்துப் புழுதிக்காற்று வந்தால் துணி பறக்கும், பெயர்ப்பலகை பறக்கும், மரக்கிளை பறக்கும்.

"கூரை," என்றான். சொல்லிவிட்டு, பானெட்டின் மேலிருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தான்.

*

சாலைப்பணி ஆட்களின் முகாம், நெடுஞ்சாலையை ஒட்டிய தரிசில் இருந்தது. தகரக் குடிசைகள், ஏழு வரிசை. சுவரும் தகரம், கூரையும் தகரம். ஒவ்வொரு கூரையின் நான்கு மூலையிலும் ஒரு சிமெண்ட் கல். மஞ்சள் முகங்கள் வெயிலில் பளீரென்று தெரிந்தன.

மணி பன்னிரண்டு ஐந்து.

"எண்ணிட்டு வா," என்றார் விஜயலக்ஷ்மி. "நான் ஹல்கே வீட்டைப் பார்க்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஜம்பு எண்ணினான். வரிசைக்கு ஏழு குடிசை, குடிசைக்கு நாலு கல். வெளியே பாத்திரம் தேய்த்த பெண்கள் அவனைக் கணக்கெடுக்க வந்த ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு ஆதார் அட்டையைத் தேடி உள்ளே ஓடினார்கள். முகாமில் ஆண்பிள்ளைகள் ஒருவரும் கண்ணில் படவில்லை. திரும்பி வந்தபோது ஹல்கேயின் மனைவி ராம்கலி குடிசை நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. வளையல் இருந்த இடத்தில் வெளிறிய தடம்.

"மதராசி டிரைவர் பையாதான் கொடுத்தார்," என்று ஹிந்தியில் விஜயலக்ஷ்மியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன மாசம் சாயங்காலம் ஒரு ஆந்தி. தகரமெல்லாம் காகிதமாப் பறந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை கழுத்துக்கு ஒரு ஜாண் தள்ளி ஒரு தகரம் மண்ணுல குத்தி நின்னது. டிரைவர் பையாதான் கூரை மேல ஏறி, அந்தக் காத்துல, கல்லை வெச்சார். எங்க வீட்டுக்குத்தான் முதல்ல. அப்புறம் எல்லாரும் ஒண்ணு ரெண்டா எடுத்துக்கிட்டாங்க."

"அது எதுக்கான கல்லுன்னு அவர் சொல்லலையா?"

"வண்டியில சும்மா தூங்கற கல்லுன்னார்."

ஜம்பு கண்ணை மூடிக்கொண்டான். மாமாவின் குரலே காதில் கேட்டது. இருபது வருஷம் லோடு லாரி ஓட்டியவன். லாரிக்காரனுக்கு எடை என்றால் டீசல் தின்கிற சனியன். போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கி வைக்க வேண்டியது. இறக்கவே கூடாத லோடு ஒன்றை மனுஷன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வண்டியை ஒப்படைத்த அன்று கம்பெனி ஒரு மணி நேரம் பாடம் நடத்தியது, மாமாவுக்கு அரைகுறையாகத் தெரிந்த ஹிந்தியில். தகடும் ஹிந்தியில். கைபிரேக்கைக் கையால் காட்டினார்கள், புரிந்தது. கல்லை யாரும் காட்டவில்லை.

ஜம்பு விஜயலக்ஷ்மியைத் தனியே இழுத்துப் போனான். குரல் கிசுகிசுத்தது.

"மேடம், நாம இங்க வரவே இல்ல. டயர் போட்டோ போதும். கான்ஸ்டபிள் போதும். கல்லைப் பத்தி சர்க்கார் வக்கீலுக்கு எதுவும் தெரியாது. ரெண்டு மணிக்கு ஜாமீன், அஞ்சு மணிக்கு சாம்பார். அப்புறம் நிதானமா, மெதுவா, எப்பவாவது..."

"எத்தனை கல்?"

"அது இப்ப எதுக்கு?"

"எத்தனை?"

"நூத்தித் தொண்ணூத்தாறு."

அவனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பதுபோல் விஜயலக்ஷ்மி காத்திருந்தார்.

நூற்றித் தொண்ணூற்றாறு. லாரிக் கதவில் இருந்த எண் நூற்றிருபது.

"எழுபத்தாறு ஜாஸ்தி," என்றான் ஜம்பு மெல்ல. "வேற எங்கேருந்து..."

"ராம்கலி," விஜயலக்ஷ்மி திரும்பிக் கூப்பிட்டார். "இன்னொரு கத்தா காடி இருக்கா?"

"ரெண்டு உண்டு மேடம்ஜி. ஒண்ணு எப்பவும் இங்கதான் நின்னுட்டிருக்கும். இதுல தீர்ந்ததும் அதுலேருந்து எடுத்தாங்க."

"இப்ப அது எங்கே?"

"காலையில புது டிரைவர் வந்து ஓட்டிட்டுப் போனான். மூணு நாள் நின்ன வேலை இன்னிக்கு மறுபடி தொடங்கிடுச்சு. ஆம்பளைங்க எல்லாம் அங்கதான்."

ஜம்புவுக்கு முதலில் தோன்றியது வேறொன்று. மூன்று நாளாக லாக்கப் கம்பிக்குப் பின்னால் மாமா கேட்டது ஒரே கேள்வி. சாப்பிட்டாயா என்றில்லை, தங்கம் எப்படியிருக்கிறாள் என்றில்லை. 'ரோட்டுல வேலை நடக்குதாடா?' வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று ஜம்பு நினைத்தான். நேற்று சாயங்காலமும் கேட்டார். மறுநாள் வேலை தொடங்கப் போவதாக இன்ஜினியர் சொன்னது தெரிந்தும், ஆளைச் சமாதானப்படுத்த, 'எல்லாம் நின்னுபோச்சு மாமா, உங்களை விட்டா அங்க வண்டி ஓட்ட ஆளே இல்ல' என்று ஜோக்கடித்தான். மாமா நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் மாமா அப்போதே கம்பியைப் பிடித்துக் கத்தியிருப்பார்.

"அவருக்குத் தெரியும்," என்றான். "எதனால அவ்வளவு தூரம் போச்சுன்னு மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது வண்டியிலயும் கல் குறையுதுன்னு தெரியும். அது ரோட்டுக்குப் போனதுதான் தெரியாது. நான்தான்... மேடம், நான்தான் சொல்லல."

"சைட் எவ்வளவு தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர். இந்த டிராபிக்ல முக்கால் மணி."

"ஹரிஷங்கர் நம்பர் உன்கிட்ட இருக்கு." விஜயலக்ஷ்மி அவன் கண்ணைப் பார்த்தார். "நான் பேசட்டுமா, நீ பேசறியா?"

"நான்."

ஹரிஷங்கர், சைட் இன்ஜினியர். துவாரகாவில் வளர்ந்த தமிழன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் வண்டிகள் சீறிப் பாயும் இரைச்சல், அதற்குள் சுத்தியல் சத்தம்.

"சார், நான் ஜம்பு. இளஞ்செழியனோட மச்சினன். உங்க ஆளுங்களை உடனே ரோட்டை விட்டு நகர்த்துங்க."

"என்னாச்சு?"

"அந்த மெத்தை வண்டி சரியில்ல."

"காலையில பிரேக்கை நானே செக் பண்ணேன். கியர்ல நிக்குது. சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்திருக்கு. உங்க மாமா பண்ணின மாதிரி இல்ல."

"சார், ப்ளீஸ், என்னை நம்புங்க. பத்து நிமிஷம் நகர்த்துங்க, போதும்."

"இங்க நாலு மணிக்கு லேனைத் திறக்கணும். நிமிஷத்துக்கு ஒரு போன் வருது. காரணம் சொல்லு, நகர்த்தறேன். இல்லேன்னா போனை வை."

ஜம்பு வாயைத் திறந்தான். எத்தனையோ பொய் தெரிந்தவன். டிரைவர் குடித்திருக்கிறான் எனலாம். டிரைவரை மட்டும் இறக்கிவிட்டு வேலை நடக்கும். மெத்தையில் விரிசல் எனலாம். போய்ப் பார்த்து, இல்லை என்று வேலை நடக்கும். எடையைச் சொல்லாமல் அந்த ஆட்களை நகர்த்துகிற பொய் ஒன்றும் அகப்படவில்லை. இரைச்சலில் ஏதோ ஒரு கனரக வண்டி ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு கடந்தது. சுத்தியல் நிற்கவில்லை.

பதற்றம் வந்தால் அவனுக்குத் தமிழ் காணாமல் போகும். ஹிந்தியில் கத்தினான்.

"தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க சார்! உள்ளே பாதிக்கு மேல கல் இருக்காது. எல்லாம் இங்க கூரை மேல இருக்கு. எங்க மாமாதான் எடுத்துக் கொடுத்தாரு. அதனாலதான் அந்த வண்டி அவ்வளவு தூரம் போச்சு. அதனாலதான் ஹல்கே செத்தான்!"

ஓடுகிற பூட்ஸ் சத்தம். தார்ப்பாய் சடசடத்தது.

"ஹே பகவான்," என்றது ஹரிஷங்கரின் குரல்.

விசில். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு நிற்காமல். எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினான்: 'ஹடோ! சப் ஹடோ! ஜல்தி!' சுத்தியல் நின்றது.

இரண்டு நிமிஷம் கழித்துக் குரல் திரும்பி வந்தது. "பதினோரு பேரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயாச்சு." மூச்சு வாங்கினான். "ஜம்பு... இதை நான் போலீசுக்குச் சொல்லாம இருக்க முடியாது."

"தெரியும் சார்."

விஜயலக்ஷ்மி போனை வாங்கினார். "சொல்லுங்கோ ஹரிஷங்கர். பிரேக்கை செக் பண்ணினவர் தார்ப்பாயை ஏன் தூக்கிப் பார்க்கலைன்னும் சேர்த்துச் சொல்லுங்கோ." வைத்துவிட்டார்.

மணி பன்னிரண்டு நாற்பது. ஜம்பு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜாமீன் போயிற்று. வழக்கே புது வழக்காகிவிட்டது. வண்டியை நியூட்ரலில் விட்டான் என்பது பொய். வண்டியின் கனத்தை எடுத்துக் கொடுத்தான் என்பது உண்மை. சாம்பார் வைக்கச் சொன்னவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஏதாவது ஜோக் வருமா என்று பார்த்தான். வரவில்லை.

நிழல் ஒன்று அவன் மேல் விழுந்தது. ராம்கலி.

அப்போதுதான் உறைத்தது. அவன் ஹிந்தியில் கத்தியிருக்கிறான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

"பஹன்ஜி..." என்று எழுந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் டிரம்மில் கால் வைத்து மேலே ஏறினாள். ஒரு மூலைக் கல்லைப் புரட்டி விளிம்புக்குக் கொண்டுவந்தாள். அந்த மூலைத் தகரம் விடுபட்டுக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பிடி," என்றாள்.

ஜம்பு இரண்டு கையாலும் வாங்கினான். முழங்கால் மடங்கியது. அவள் இறங்கி வந்து, தலைத்துணியைச் சும்மாடாகச் சுருட்டி, அவன் கையிலிருந்ததைத் தலைக்கு மாற்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

"டிக்கியைத் திற."

திறந்தான். கல் உள்ளே இறங்கியதும் பழைய ஆல்ட்டோவின் பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

"இது எதுக்கு ராம்கலி?" என்றார் விஜயலக்ஷ்மி.

"ஜட்ஜ் சாப் தூக்கிப் பார்க்கட்டும். எவ்வளவு கனம்னு தெரியட்டும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வண்டியில ஏறி முதல் கல்லை இறக்கினது மதராசி இல்ல. என் ஆள். டிரைவர் வேணாம்னுதான் சொன்னார். 'காத்து நின்னதும் திருப்பி வெச்சிடலாம் பையா'ன்னு என் ஆள்தான் இறக்கினான். அந்தத் தகரம் வந்து குழந்தை பக்கத்துல விழுந்த அப்புறம்தான் டிரைவர் கூரை மேல ஏறினார். கீழே நின்னு எடுத்துக் கொடுத்தது என் ஆள்."

விஜயலக்ஷ்மி அவள் அருகே போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதைக் கோர்ட்டுல சொன்னா, உன் புருஷனே கல்லை எடுத்தான்னு சொல்லி கம்பெனி உனக்கு ஒண்ணும் தராமப் போகலாம். தெரிஞ்சுதான் வர்றியா?"

"தெரியும் மேடம்ஜி. அதுக்குத்தான் நேத்து சூப்பர்வைசர் வந்தார். டிரைவர் எப்பவும் வண்டியை நியூட்ரல்லதான் விடுவான்னு என் ஆள் வீட்டுல சொல்லிட்டிருந்ததா ஒரு தாள்ல எழுதியிருந்தார். படிச்சுக் காட்டினார். நஷ்டஈடு வேணும்னா கைநாட்டு வைன்னார்."

ஜம்பு அவள் பக்கம் திரும்பினான். "வெச்சீங்களா?"

"வெச்சேன்."

பின்கதவை அவளே திறந்து ஏறி உட்கார்ந்தாள். விஜயலக்ஷ்மி முன்னால் ஏறினார். ஜம்பு சாவியைத் திருகினான். இரண்டாவது முறைதான் வண்டி கிளம்பியது. பாக்கெட்டில் போன் அடித்தது. தங்கம் அக்கா. அடிக்க விட்டான்.

முகாமைத் தாண்டி மண்பாதையில் திரும்பும்போது கண்ணாடியில் பின்சீட் தெரிந்தது. ராம்கலி இடது கட்டைவிரலை எச்சில் தொட்டுச் சேலை முந்தானையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீல மை போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஜல்தி சலோ, பையா," என்றாள்.